தராசுக்கும் சுத்தியலுக்கும் நடுவே

தமிழ்நாட்டில் ஏலத்துக்குப் பஞ்சமே இல்லை. காசிமேட்டில் பொழுது விடிவதற்குள் மீன் ஏலம் களைகட்டிவிடும். ஈரோட்டில் மஞ்சள், போடியில் ஏலக்காய், ஊருக்கு ஊர் கண்மாய் மீன்பாசி, நெடுஞ்சாலைப் புளியமரம் என்று ஏலம் போகாத பொருள் குறைவு. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத் திருவிழாவில் வேலில் செருகிவைத்த எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். 2024-இல் ஒன்பது பழங்கள் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் போயின. பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்களுக்கு அந்தப் பழத்தின் அருமை தெரியும். அதனால் விலை ஏறுகிறது. ஏலத்தின் சூட்சுமமே அவ்வளவுதான். ஒரு பொருளின் அருமை தெரிந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் புத்தகத்துக்கு அந்த இரண்டு பேர் வாய்ப்பது அபூர்வம். அதை நடுவில் வைத்து ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கூவுகிறவரும் இல்லை. அதற்கு வாய்த்தது தராசு.

பெரியவர் காலமாகி வருஷாப்தியம் முடிந்ததும் வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். பித்தளை அண்டாவுக்கு ஆள் இருக்கிறது, தேக்குக் கட்டிலுக்கு ஆள் இருக்கிறது. மாடி அறை பீரோ நிறைய இருக்கும் புத்தகங்களைக் கேட்பாரில்லை. பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுகிறார்கள். நியூஸ் பேப்பருக்கு ஒரு விலை, நோட்டுக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை என்று அவரிடம் தெளிவான கணக்கு உண்டு. 1865-இல் அச்சான தலபுராணத்துக்கும் போன வருஷத்து நீட் கைடுக்கும் தனித்தனி விலை அந்தக் கணக்கில் கிடையாது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. பீரோவின் சொந்தக்காரருக்கே தெரியாத ஒன்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அந்த மூட்டை கிடங்குக்குப் போய், அங்கிருந்து காகித ஆலைக்கு லாரி ஏறுவதற்குள் சில நாள் இடைவெளி இருக்கிறது. பழைய புத்தக வேட்டை என்று நாம் சொல்வதெல்லாம் அந்த இடைவெளிக்குள் நடப்பதுதான்.

1812: ஒரே ஆண்டு, இரண்டு ஊர்

ஏலத்தில் புத்தகம் என்ன பாடுபடும் என்பதற்கு லண்டனில் ஒரு பழைய கதை உண்டு. 1812 ஜூன் 17. ராக்ஸ்பர்க் கோமகனின் நூலகம் மே மாதத்திலிருந்து ஏலத்தில் போய்க்கொண்டிருந்தது. அன்று வந்தது பொக்காச்சியோவின் ‘டெகமரான்’, 1471-இல் வெனிஸ் நகரத்தில் வால்டார்ஃபர் அச்சிட்ட பதிப்பு. பிளாண்ட்ஃபோர்டு பிரபுவும் ஸ்பென்சர் பிரபுவும் நேருக்கு நேர் நின்றார்கள். ஸ்பென்சர் 2,250 பவுண்டு கேட்டார். பிளாண்ட்ஃபோர்டு பத்து பவுண்டு ஏற்றி 2,260-க்கு எடுத்தார். அதற்கு முன் உலகத்தில் எந்த அச்சுப் புத்தகமும் அந்த விலைக்குப் போனதில்லை. ஊரே பேசியது. ராக்ஸ்பர்க் பெயரில் ஒரு நூல் ரசிகர் சங்கமே அந்த ஏலத்தையொட்டிப் பிறந்தது. அது இன்னமும் இருக்கிறது.

ஏழு வருஷத்தில் பிளாண்ட்ஃபோர்டு கடனில் மூழ்கினார். 1819-இல் அவருடைய புத்தகங்கள் ஏலத்துக்கு வந்தபோது அதே டெகமரான் 918 பவுண்டுக்குத்தான் போனது. போய்ச் சேர்ந்த இடம், தோற்ற ஸ்பென்சரின் அலமாரி. அவருடைய நூலகம் முழுவதையும் 1892-இல் என்ரிக்கேட்டா ரைலண்ட்ஸ் என்ற பெண்மணி விலைக்கு வாங்கி, மறைந்த கணவர் பெயரில் மான்செஸ்டரில் நூலகம் கட்டினார். இரண்டு பிரபுக்களின் வீம்பில் ஏறி இறங்கிய அந்தப் புத்தகத்தை இன்று யார் வேண்டுமானாலும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

அதே 1812-இல் சென்னையில் ‘மாசத் தினச் சரிதை’ என்ற அச்சுக்கூடத்தில் தஞ்சை ஞானப்பிரகாசன் என்பவர் திருக்குறள் மூலபாடத்தை வெளியிட்டார். நமக்குத் தெரிந்து குறள் தமிழில் அச்சேறியது அதுதான் முதல் தடவை. கூடவே நாலடியாரும் உண்டு. ஓலையில் இருந்ததைப் பல பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாளில் ஏற்றிய பெரிய காரியம். அந்தப் பதிப்பு இன்று என்ன விலைக்குப் போகும் என்று நடைபாதைக் கடைக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். கிடைத்தால்தானே விலை.

விலை ஏறினால் புத்தகம் பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பணக்காரரின் இரும்புப் பெட்டிக்குள் போய் அரை நூற்றாண்டு வெளிச்சம் பார்க்காத புத்தகங்களும் உண்டு. ஆனால் 2,260 பவுண்டு கொடுத்து வாங்கியதை எவரும் எடைக்குப் போடமாட்டார். ஏலச் சுத்தியல் தட்டும்போது விலையோடு கூட ஒரு பதிவும் விழுகிறது: இந்தத் தேதியில், இந்தப் பிரதி, இந்தக் கைக்குப் போனது. இருநூறு வருஷம் கழித்தும் அந்த டெகமரானின் ஜாதகத்தை நாம் சொல்ல முடிவது அதனால்தான். தராசில் ஏறிய புத்தகத்துக்கு அப்படி ஒரு ஜாதகமும் இல்லை.

சிண்டிகேட்

பெரிய ஏலத்தை விடுங்கள். இங்கிலாந்தின் சிற்றூர்களில் மாதம் ஒரு தடவை நடக்கும் வீட்டுச் சாமான் ஏலத்தில்தான் வேட்டைக்காரர்களுக்கு உண்மையான ருசி. யாரோ ஓய்வுபெற்ற பாதிரியாரின் வீடு காலியாகிறது. நாற்காலி, கடிகாரம், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே நாலு பெட்டிப் புத்தகம். ஏலக்காரருக்கு நேரமில்லை, ‘சமய நூல்கள், ஒரு பெட்டி’ என்று பட்டியலில் ஒரு வரி எழுதி லாட் எண் போட்டுவிடுவார். ஏலத்துக்கு முந்தின நாள் பார்வைக்கு வைப்பார்கள். தேர்ந்த ஆள் அன்றைக்கே வந்து, பெட்டியின் அடிவரை துழாவி, தனக்கு வேண்டியது இருந்தால் அதை அப்படியே அடியில் புதைத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் போய்விடுவார். தமிழ்நாட்டில் மிஷனரியாக இருந்து திரும்பியவர்களின் பரண்களிலிருந்து தமிழ்ப் புத்தகங்களும் இப்படிப் பெட்டிக்குள் வருவதுண்டு. எழுத்து எந்த மொழி என்றே விற்கிறவருக்குத் தெரியாது. எடுத்த விலையோடு ஏலக்காரரின் கமிஷனும் சேரும். நாலில் ஒரு பங்குவரை அது போகும் என்பதை மறந்துவிட்டுக் கை தூக்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்து முழிப்பார்கள்.

இதில் நம்மூர்க்காரர்களுக்கு உடனே புரிகிற சங்கதி ஒன்று இருக்கிறது. கண்மாய் ஏலத்தில் ஊர்ப் பெரிய கைகள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் கேட்கவிடுவார்களே, அந்த சிண்டிகேட் புத்தக ஏலத்திலும் கொடிகட்டிப் பறந்தது. 1919-இல் சர்ரே மாவட்டத்தில் ரக்ஸ்லி லாட்ஜ் என்ற மாளிகையின் நூலகம் ஏலத்துக்கு வந்தது. லண்டனின் பேர்பெற்ற பழைய புத்தக வியாபாரிகள் பலரும் ஒன்றுசேர்ந்துகொண்டு ஒருவரையொருவர் எதிர்த்துக் கேட்கவில்லை. சொந்தக்காரருக்குக் கிடைத்தது சுமார் 3,700 பவுண்டு. ஏலம் முடிந்ததும் வியாபாரிகள் தங்களுக்குள் தனியே கூடி, அதே புத்தகங்களைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்டுக்கொண்டார்கள். விவரமான ஆட்கள் சின்ன ஆட்களுக்குப் பங்கு கொடுத்துக் கழற்றிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்கள். கடைசியில் மொத்த விலை 19,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. நடுவில் இருந்த தொகை முழுக்க அவர்கள் பைக்குள். 1927-இல் இதைக் குற்றமாக்கி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சட்டம் வந்ததும் பழக்கம் நின்றுவிட்டது என்று நம்ப வேண்டியதில்லை.

இந்தியாவிலும் வீட்டுச் சாமான் ஏலங்கள் இருந்தன. கொல்கத்தா ரஸ்ஸல் ஸ்ட்ரீட்டில் 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்சின் ஞாயிற்றுக்கிழமை ஏலம் பிரசித்தம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய காலத்தில் சென்னை ஏலங்களிலும் சரவிளக்கோடு சேர்ந்து தோல் பைண்டு புத்தகங்கள் போயின. இப்போது மும்பையின் ஏல நிறுவனங்கள் அரிய புத்தகங்களை இணையத்திலேயே ஏலம் விடுகின்றன. அங்கே மதிப்புப் பெறுவது பெரும்பாலும் படங்கள் உள்ள ஆங்கிலப் புத்தகங்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 ஓவியத் தகடுகள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ போன்றவை. மாமல்லபுரத்தையும் மதுரையையும் வரைந்த வெள்ளைக்காரர்களின் புத்தகத்துக்குப் போட்டி உண்டு. அதே காலத்தில் மதுரைக்காரர் எழுதிய புத்தகத்துக்குப் பட்டியலில் இடம் இல்லை.

சென்ட்ரல் பக்கத்துச் சந்தை

தமிழ்ப் புத்தகத்துக்கு ஏல மேடைக்குப் பதிலாக இருந்தது மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்ட, 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் கிளிக்குஞ்சு முதல் கிராமபோன் தட்டு வரை கிடைத்தது. பழைய புத்தக வரிசைதான் படிக்கிறவர்களை இழுத்தது. சென்னைக்கு வந்து இறங்கும் வெளியூர்க்காரர் சென்ட்ரலிலிருந்து நாலு எட்டு நடந்தால் போதும். பேரம் அங்கே ஒரு கலை. எந்தப் புத்தகத்துக்காக வந்தோமோ அதைத் தொடாமல், பக்கத்திலிருப்பதை விலை கேட்டு, சலித்துக்கொண்டு, போகிற போக்கில் ‘இது என்ன விலை’ என்று கேட்க வேண்டும். கடைக்காரருக்கும் இந்த நாடகம் தெரியும். அவர் புத்தகத்தைப் பார்க்கமாட்டார், வாங்குகிறவர் கண்ணைப் பார்த்து விலை சொல்வார். இரண்டு பேர் அருமை தெரிந்து மோதும் ஏலத்துக்கு மிக நெருக்கமான இடம் தமிழில் அதுதான்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1981 மே 31 இரவு, யாழ்ப்பாணம் பொது நூலகத்தைக் கொளுத்தியிருந்தார்கள். சுமார் 97,000 நூல்கள் போயின. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் நடந்தது ஓர் இனத்தின் நினைவின் மீது திட்டமிட்டு வைத்த தீ. ஆனால் இரண்டுக்கும் பிறகு தமிழ்ப் புத்தகத்தைத் தேடுகிற வேலையே மாறிப்போனது. ஒரே இடத்தில் இருந்தது நூறு இடத்தில் சிதறியது. மூர் மார்க்கெட் கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கும் நடைபாதைகளுக்கும் போனார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை, மயிலாப்பூர் லஸ் முனை, கோவை உக்கடம் என்று வேட்டைக்காரர்களின் வரைபடம் விரிந்தது. அதைவிட முக்கியம், கடைக்குக் கடை ஏறி இறங்கும் பொறுக்குகிறவர்கள். பழைய பேப்பர் கிடங்குகளில் மாலை வேளையில் மூட்டையைக் கொட்டிக் கிளறி, நடைபாதைக் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். அவர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் எந்த அட்டையை யார் வாங்குவார் என்ற ஞாபகம் அவர்களிடம் இருக்கிறது. தமிழ் நூலாராய்ச்சி அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் எந்த முன்னுரையிலும் நன்றியாக வந்ததில்லை.

முகப்புத் தாள் சொல்லும் சேதி

இந்த வேட்டையில் பணத்தைவிடக் கண் முக்கியம். கண்ணுக்கு முதல் பாடம் முகப்புத் தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்புத் தாள் இன்றைய அட்டை மாதிரி தலைப்பையும் பெயரையும் சொல்லிவிட்டு நிற்காது. யார் இயற்றியது, யார் பிழை பார்த்தது, யார் கேட்டுக்கொண்டதன் பேரில், எந்தத் தெருவில், எந்த அச்சுக்கூடத்தில், யார் காசில் என்று ஒரு முழு வாக்கியமாக ஓடும். ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற பெயர் கண்ணில் பட்டால் கை நிற்க வேண்டும். அவர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தியவர். எந்த ஊர்ப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகம் என்றிருந்தால் தாளும் எழுத்தும் தனித் தரம். வின்ஸ்லோவின் பெரிய தமிழ்–ஆங்கில அகராதி 1862-இல் அங்கேதான் அச்சானது.

அடுத்தது வருஷம். பல புத்தகங்களில் ஆங்கில ஆண்டு இருக்காது; ‘சர்வசித்து வருஷம் ஐப்பசி மாதம்’ என்றிருக்கும். அறுபது வருஷச் சக்கரத்தில் பிரபவ 1867, 1927, 1987 என்று வரும். அதிலிருந்து எண்ணினால் சர்வசித்து 1887 அல்லது 1947. அறுபது வருஷ வித்தியாசம் என்பது உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை முதன்முதலாகப் பதிப்பித்த ஆண்டுக்கும் இந்தியா விடுதலையடைந்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டில் எது என்பதை எழுத்தும் தாளும் சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. தமிழ் எண்களில் பக்கம் போட்டிருப்பார்கள். கொம்பு வைத்த பழைய ணை, லை, னை இருக்கிறதே என்று மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல்தான், எம்.ஜி.ஆர். காலத்துப் பாடப் புத்தகத்திலும் அந்த எழுத்தைப் பார்க்கலாம்.

தாள் பற்றி ஒரு வேடிக்கை. 1840-ஆம் வருஷப் புத்தகத்தைப் புரட்டினால் தாள் துணிபோல மடங்கும். 1940-ஆம் வருஷப் புத்தகத்தைப் புரட்டினால் அப்பளமாக உடையும். முந்தையது கந்தல் துணியிலிருந்து செய்த தாள். பிந்தையது மரக்கூழ், அதிலுள்ள அமிலமே அதைத் தின்கிறது. போதாக்குறைக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காகிதப் பஞ்சம். ஆகவே வயதில் மூத்ததைத்தான் அவசரமாகக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் தப்பு. புதுமைப்பித்தனின் முதல் தொகுதி வந்த 1940 வாக்கில் அச்சானவைதான் முதலில் தூளாகும்.

கையேடு இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சுநூல் பட்டியலும், பார்னெட்டும் போப்பும் சேர்ந்து 1909-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்காகத் தொகுத்த பட்டியலும் வேட்டைக்காரர்களின் பஞ்சாங்கம். லண்டனில் அவ்வளவு தமிழ்ப் புத்தகம் சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு சட்டம். 1867-இன் 25-ஆவது சட்டம் அச்சான ஒவ்வொரு நூலையும் அரசிடம் பிரதி கொடுத்துப் பதியச் சொன்னது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு யார் என்ன எழுதுகிறார்கள் என்று கண்காணிப்பது அதன் உள்நோக்கம். சந்தேகத்தில் சேர்த்த புத்தகங்கள் இன்று ஆராய்ச்சிக்கு ஆதாரம். அன்பாகச் சேர்த்தவற்றைப் பேரன்கள் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

அரையணாப் பாட்டுப் புத்தகம்

தோல் பைண்டு, பொன்னெழுத்து என்று தேடிப் போகிறவர்கள் தமிழில் ஏமாந்து திரும்புவார்கள். விலை உயர்ந்த புத்தகத்தை வாங்கியவர் பத்திரப்படுத்தினார். அதனால் அது எங்காவது இருக்கும். விலை குறைந்ததுதான் அழிந்தது. சென்னை குஜிலிக் கடைத் தெருவில் எட்டுப் பக்கம், பதினாறு பக்கத்தில் அச்சாகிச் சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்ற சிந்துகள், கொலைப் பாட்டுகள், புயல் வெள்ளப் பாட்டுகள் எல்லாம் வாங்கிய அன்றே கிழிந்தவை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ அந்த உலகத்தைத் திறந்துகாட்டிய பிறகுதான் அந்தக் கந்தல் தாள்களுக்கு ஆய்வாளர்கள் மத்தியில் மவுசு வந்தது. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் பாட்டுகளைச் சிறு வெளியீடாக 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். இலவசமாக வந்ததை யார் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்? பழைய பஞ்சாங்கக் கட்டுக்கு நடுவே அதில் ஒன்று கிடைக்காதா என்று பார்க்கிற ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இன்னொரு வகை, வீட்டிலேயே பைண்டு செய்த தொடர்கதை. ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்து, முதுகில் வீட்டுக்காரர் பெயரையும் பொறித்து வைத்த தொகுதிகள். புத்தகமாகக் கதை எத்தனையோ பதிப்பில் கிடைக்கிறது. மணியம் வரைந்த படங்கள் அந்தந்த வாரத்துப் பக்கத்தில் இருந்தபடி கிடைப்பது இந்தத் தொகுதிகளில்தான். பின்பக்கத்து விளம்பரம், வாசகர் கடிதம், பென்சிலில் யாரோ எழுதிய மளிகைக் கணக்கு எல்லாம் சேர்ந்தே வரும். நூலகங்கள் நெடுங்காலம் இவற்றைப் புத்தகமாகவே மதிக்கவில்லை. நடைபாதைக் கடைக்காரர்கள்தான் மதித்தார்கள். அதனால் இதற்கு மட்டும் ஓரளவு விலை நின்றது.

கோட்டையூர் வீடு

எல்லோரும் புத்தகம் என்று எண்ணாததையும் சேர்த்தவர் ஒருவர் இருந்தார். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, இசைத்தட்டு, செய்தித்தாள் நறுக்கு என்று அவர் வீட்டில் மலைபோல் சேர்ந்தது, ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. ஊரும் தோது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று வட்டிக்கடை போட்ட குடும்பங்கள் திரும்பிவரும்போது அங்கங்கே அச்சான தமிழ்ப் புத்தகங்களும் பெட்டியோடு வந்தன. இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குவாளிகளுக்குப் பின்னால் புத்தகக் கட்டு கிடப்பதைப் பார்க்கலாம். மரத்தூணுக்கு வருகிற வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அது தேவையில்லை.

முத்தையா 1992-இல் காலமானார். சேகரிப்பு சில்லறையாகப் பிரிந்து போயிருந்தால் இன்று அதன் ஜாதகம் யாருக்கும் தெரியாது. சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் மொத்தமாக வாங்கி, கப்பலேற்றாமல், சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. அது இப்போது தரமணியில் இருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தின் அருமை தெரிந்த கை கடைசியில் கடல் தாண்டி நீள வேண்டியிருந்ததைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமையைவிட வெட்கம்தான் அதிகம். நகரங்களில் கல்யாண மண்டபத்துக்குக் கோடி கொட்டுகிற சமூகம், ஒரு வீட்டுப் புத்தகத்தைத் தன் காசில் வாங்கத் தயங்கியது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வளர்த்த ஞானாலயா நூலகம் கண்ணெதிரே இருக்கிறது. மறைமலையடிகள் தம் வாழ்நாளில் சேர்த்த சுமார் 4,000 நூல்கள், அவர் மறைந்தபின் 1958-இல் சென்னையில் நூலகமாயின.

முத்திரையைப் பாருங்கள்

விலை தெரியாத இடத்தில் வேட்டைக்காரருக்கு யோகம். விலை தெரிந்த இடத்தில் திருடருக்கு யோகம். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று, சரபோஜி மன்னரின் கையெழுத்தோடு, தஞ்சை சரசுவதி மகாலில் இருந்தது. 2005-இல் காணாமல் போனது. 2022-இல் தமிழ்நாடு சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு, அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைக் கண்டுபிடித்து அறிவித்தது. அதைத் தூக்கிய கைக்கு அதன் அருமை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆகவே நூலக முத்திரை உள்ள புத்தகத்தைக் கையில் எடுத்தால் கழிவு முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூலகங்கள் முறைப்படி கழித்து ஏலத்தில் விடும் புத்தகங்கள் உண்டு. அவற்றை வாங்குவதில் தப்பில்லை. வெறும் ஊதா முத்திரையும், பிளேடால் சுரண்டிய வரவு எண்ணும் இருந்தால் எவ்வளவு ஆசையிருந்தாலும் திருப்பி வைத்துவிடுவதுதான் முறை. ஓலைச்சுவடியும் கையெழுத்துப் பிரதியும் இன்னும் ஒரு படி கடினம். 75 வருஷம் தாண்டிய, இலக்கிய வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு

பழைய பேப்பர்காரருக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள். 1950-க்கு முந்தையது என்று தோன்றும் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். அட்டை போயிருந்தாலும், முதல் பத்துப் பக்கம் இல்லாவிட்டாலும் கழிக்காதீர்கள். நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை, பள்ளி ஆண்டுமலர், பைண்டு செய்த வார இதழ் இவைதான் முதலில் குப்பைக்குப் போகிறவை. அவற்றையும் அந்தப் பக்கமே வையுங்கள். புத்தகத்துக்குள் செருகிய கடிதத்தை உருவாதீர்கள், அது எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கட்டும். செலோடேப் ஒட்டாதீர்கள், அது தாளைக் கறையாக்கித் தின்றுவிடும்.

முகப்புத் தாள்களை மட்டும் போனில் படமெடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே பதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஈழத்து நூல் என்றால் நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் பாருங்கள். இல்லாதது அகப்பட்டால் உங்கள் கையில் இருப்பது கிலோ கணக்குச் சரக்கு இல்லை. விற்பதானால் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள், அதுவும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேரிடம். நூலகத்துக்குக் கொடுப்பதானால் பட்டியல் போட்டுக் கொடுத்து, எத்தனை உருப்படி, யாருடைய சேகரிப்பு என்று எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.